ஊசி குத்துவதும் தெள்ளு கடிப்பதும்

காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏறிக் கொல்லிமலை போகிறவர்கள், காற்று குளிர்வதை வைத்தே உயரத்தை உணர்கிறார்கள். அடிவாரத்து வெக்கை ஏதோ ஒரு வளைவில் கழன்றுபோகும். செம்மேட்டில் இறங்கும்போது மிளகும் காபியும் பலாவும் சூழ்ந்த வேறொரு நிலம் எதிரே இருக்கும். எலித் தெள்ளுகளைப் பற்றிப் படித்தவர்களுக்கு இந்தக் குளிர் இன்னொன்றையும் சொல்லும். தென்னிந்தியாவில் எலிகளின் மயிருக்குள் வாழும் தெள்ளுப்பூச்சிகள், வெயிலையும் ஈரத்தையும் பார்த்துத் தங்களுக்குள் இடம் பிரித்துக்கொண்டவை. கடலோரச் சமவெளியில் செனோப்சில்லா ஆஸ்டியா என்ற இனம் மிகுதி. உள்நாட்டின் குளிர்ந்த மேட்டு நிலங்களில் செனோப்சில்லா கியோப்பிஸ் கை ஓங்கும். சென்னை மாகாணம் முழுவதும் எலிகளைப் பிடித்துத் தெள்ளுகளை எண்ணிப் பார்த்து இதை 1931இல் எழுதியவர்கள் கிங், பண்டிட் என்ற இருவர். அந்த பண்டிட்தான் பின்னாளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநரான சி. ஜி. பண்டிட்.

இரண்டு தெள்ளுகளும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். பிளேக் கிருமியைக் கடத்துவதில் கியோப்பிஸ் வல்லது, ஆஸ்டியா மந்தமானது. இந்த ஒரு வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முப்பது ஆண்டுக்கு மேல் ஆனது. அதற்காக ஆயிரக்கணக்கான எலிகளும் கினிப்பன்றிகளும் கூண்டுக்குள் செத்தன. தெள்ளு பரப்பும் பாக்டீரியா நோய்களைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அப்படிக் கூண்டில் கிடந்த கொறிவிலங்குகளின் உடலிலிருந்து வந்த அறிவுதான். அந்த அறிவு கொல்லிமலை போன்ற ஓர் இடத்துக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். மாதிரி விலங்கு பொய் சொல்வதில்லை. ஆனால் நாம் அதற்குள் எதை வைத்தோமோ அதைப் பற்றி மட்டும்தான் அது பேசும். எலியை மாற்றினால் விடை மாறும். தெள்ளை மாற்றினாலும், அறையின் வெப்பத்தை மாற்றினாலும் விடை மாறும். ஒரு மலையைப் பற்றிய கேள்விக்கு அந்த மலையின் எலியும் தெள்ளும் தட்பவெப்பமும் மாதிரிக்குள் வந்தாக வேண்டும்.

தெள்ளு வழியாக மனிதருக்கு வரும் முக்கிய பாக்டீரியாக்கள் சில. பிளேக்கை உண்டாக்கும் யெர்சினியா பெஸ்டிஸ், எலித் தெள்ளு டைபஸை உண்டாக்கும் ரிக்கெட்சியா டைஃபி, பூனைத் தெள்ளோடு திரியும் ரிக்கெட்சியா ஃபெலிஸ், சிவப்பணுக்களுக்குள் குடியிருக்கும் பார்ட்டொனெல்லா இனங்கள். இந்த எல்லா நோய்களிலும் மனிதன் இடையில் வந்து அகப்பட்டுக்கொண்டவன். கிருமி, அதைச் சுமக்கும் தெள்ளு, தெள்ளுக்கு இரை தரும் விலங்கு ஆகிய மூன்றுக்கும் இடையிலேயே உண்மையான நாடகம் நடக்கிறது. ஆய்வாளர்கள் எலியிடம் போவதற்குக் காரணம் அதுதான். மனிதனுக்குப் பதிலாளாக எலியை வைக்கிறார்கள் என்று நினைப்பது பாதி சரி. இந்த நோய்களில் பலவற்றில் எலிதான் மூலவர்.

1896இல் பம்பாயில் பிளேக் தலைகாட்டியபோது இது ஒருவருக்கும் தெரியாது. 1898 ஜூன் 2ஆம் நாள் பிரெஞ்சு மருத்துவர் பால்-லூயி சிமோன் கராச்சியில் தான் தங்கியிருந்த விடுதியில் ஒரு சோதனை செய்தார். நோயாளி ஒருவரின் வீட்டில் பிடித்த எலியைப் பெரிய கண்ணாடிப் பாத்திரத்தில் விட்டார். அதன் மேல் தெள்ளுகள் இருந்தன. போதாதென்று விடுதிப் பூனையிடமிருந்தும் சில தெள்ளுகளை எடுத்துச் சேர்த்தார். அந்த எலி சாகும் தறுவாயில், நலமான எலி ஒன்றைச் சிறு கூண்டில் வைத்து அதே பாத்திரத்துக்குள் தொங்கவிட்டார். இரண்டும் ஒன்றையொன்று தொட வழியில்லை. தெள்ளு மட்டும் தாவலாம். சில நாட்களில் இரண்டாவது எலியும் நெறி கட்டிச் செத்தது. கருவி என்று சொல்ல ஒரு பாத்திரமும் ஒரு கம்பிக் கூண்டும்தான். ஆனாலும் நோய், தெள்ளு, எலி மூன்றும் இயற்கையில் சேர்வது போலவே அதற்குள் சேர்ந்தன. இதைப் பின்னால் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

சிமோனை அன்று பலர் நம்பவில்லை. நம்பவைத்தது 1905இல் பம்பாயில் வேலையைத் தொடங்கிய பிளேக் ஆராய்ச்சிக் குழு. அவர்கள் சிறு கொட்டில்கள் கட்டி, அவற்றுக்குள் கினிப்பன்றிகளை விட்டார்கள். தெள்ளு இல்லாத கொட்டிலில், நோயுற்ற விலங்கும் நலமான விலங்கும் ஒன்றாகப் படுத்துக் கிடந்தும் நோய் தாவவில்லை. தெள்ளு இருந்த கொட்டிலில் தாவியது. தரையை ஒட்டி வைத்த கூண்டில் இருந்தவை நோயுற்றன. தெள்ளு எட்டமுடியாத உயரத்தில் தொங்கவிட்டவை தப்பின. பிளேக் வீடுகளில் கினிப்பன்றிகளை இரவில் உலவவிட்டு, காலையில் அவற்றின் மயிரிலிருந்து தெள்ளு பொறுக்கினார்கள்.

பிறகு வந்தது சென்னைப் புதிர். இந்த வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கோவையும் சேலமும் பெங்களூரும் பிளேக்கால் துவண்டன. கோவையில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. ஊரைக் காலி செய்துவிட்டு வெளியே கொட்டகை போட்டு இருந்த நாட்களின் சாட்சி அவை. ஆனால் பம்பாயோடு கப்பலும் ரயிலும் இணைத்திருந்த சென்னை நகரம், எலிகள் நிறைந்த அந்தத் துறைமுகம், பெரும்பாலும் தப்பித்துக்கொண்டது. சென்னை எலிக்கு எதிர்ப்புச் சக்தி அதிகமோ? சோதித்துப் பார்த்தார்கள். விடை நேர்மாறாக வந்தது. பல ஆண்டுகள் கொள்ளைநோயில் அடிபட்ட பம்பாய் எலிகள், ஊசி மூலம் செலுத்திய கிருமியைப் பெருமளவு தாங்கின. நோயைப் பார்த்தறியாத சென்னை எலிகள் மடமடவென்று செத்தன. அப்படியானால் சென்னையைக் காத்தது எலி இல்லை.

மிச்சமிருந்தது தெள்ளு. கொழும்பு நகராட்சியின் நுண்ணுயிரியலாளர் ஃபேபியன் ஹர்ஸ்ட், தன் ஊரில் மிகுந்திருந்த ஆஸ்டியா பிளேக்கைச் சரியாகக் கடத்துவதில்லை என்று கண்டார். கொழும்பில் 1914இல் பிளேக் நுழைந்தபோதும் அது நகரம் முழுக்கப் பரவாமல், இந்தியாவிலிருந்து தானிய மூட்டைகளோடு கியோப்பிஸ் வந்திறங்கிய கிடங்குப் பகுதிகளையே சுற்றியது. இந்தியாவில் கிராக் என்பவரும் இதே வழியில் யோசித்தார். பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்தில் வெப்ஸ்டரும் சித்ரேவும் தெள்ளு இனங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கூண்டுச் சோதனை செய்தார்கள். அந்த வெப்ஸ்டரே பிறகு ஜார்ஜ் என்பவரோடு கம்பம் பள்ளத்தாக்கில் திரும்பத் திரும்பத் தலைதூக்கிய பிளேக்கை ஆராய வந்தார். அறிக்கை 1934இல் வெளியானது. ஆய்வகத்தில் தெள்ளை எண்ணிய ஒருவர் வயற்காட்டுக்கும் வந்து எலி பிடித்தார் என்பது சிறிய விஷயம் அல்ல. கூண்டும் காடும் ஒரே ஆளின் கையில் இருந்த காலம் அது.

பிற்காலத்தில் அந்த இரண்டும் பிரிந்துபோயின. எலிக்குப் பதில் வெள்ளைச் சுண்டெலி வந்தது. மலிவு, சிறியது, வேகமாகப் பெருகும், தலைமுறை தலைமுறையாக உள்ளுறவிலேயே இனப்பெருக்கம் செய்து ஒன்றுபோல ஆக்கப்பட்டது. தெள்ளுக்குப் பதில் ஊசி வந்தது. எத்தனை கிருமி, எந்த நேரத்தில், உடலின் எந்த இடத்தில் என்று துல்லியமாகச் சொல்லலாம். மருந்தையோ தடுப்பூசியையோ சோதிப்பதற்கு இந்தத் துல்லியம் தேவை. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஊசி வந்ததும் மூவரில் ஒருவர் மேடையைவிட்டு இறங்கிவிட்டார்.

அதனால் என்ன நேர்ந்தது என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். பிளேக் கிருமியிடம் ஒரு புரதம் உண்டு. அதைச் சுண்டெலிக்கு ஊசி மூலம் செலுத்தினால் சுண்டெலி இறந்துவிடும். எனவே அதற்கு 'எலி நச்சு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பல பத்தாண்டுகள் அதை நோயின் ஆயுதமாகவே படித்தார்கள். 2002இல் ஹின்னபுஷ் குழுவினர் அந்தப் புரதம் இல்லாத கிருமியைத் தெள்ளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தெள்ளின் குடலில் கிருமி நிலைக்கவில்லை, அழிந்துபோனது. அதே கிருமியைச் சுண்டெலிக்குள் நேராகச் செலுத்தினால் சுண்டெலி வழக்கம்போல நோயுற்றது. அந்தப் புரதம் கிருமியைத் தெள்ளின் வயிற்றில் உயிரோடு வைத்திருப்பதற்கானது. சுண்டெலியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பூச்சியின் உறுப்பு ஒன்றுக்கான பூட்டை விலங்கின் உடலில் தேடியிருக்கிறார்கள்.

மற்றொன்று ப்ளா என்ற மரபணு. அது இல்லாத கிருமியைச் சுண்டெலியின் தோலுக்கடியில் ஊசியால் ஏற்றினால், கொல்வதற்குப் பத்து லட்சம் மடங்கு கூடுதல் கிருமி வேண்டியிருந்தது. 1992இல் வந்த இந்த முடிவை வைத்து, ப்ளா இல்லையேல் பிளேக் இல்லை என்று எல்லோரும் நம்பினார்கள். 2006இல் அதே ப்ளா இல்லாத கிருமியைச் சுமந்த தெள்ளுகளைச் சுண்டெலிமேல் கடிக்கவிட்டபோது, நெறி கட்டவில்லை என்பது உண்மை. ஆனால் சில சுண்டெலிகளில் கிருமி நேரே ரத்தத்தில் கலந்து, அவற்றைக் கொன்றது. தெள்ளு நுண்ணிய ரத்தக் குழாயைத் தேடிக் கடிப்பது. ஊசி அப்படி இறங்குவதில்லை. நெறி கட்டாமல் திடீரென்று இறந்துபோன நோயாளிகளைப் பற்றிப் பழைய பிளேக் மருத்துவர்கள் எழுதி வைத்ததை, தெள்ளைத் திரும்பவும் கூண்டுக்குள் அழைத்துவந்த பிறகே ஆய்வகத்தால் காட்ட முடிந்தது.

அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் இன்னும் நுணுக்கமானவை. தெள்ளுக்குக் கிருமி கலந்த ரத்தம் ஊட்டும்போது யாருடைய ரத்தம் என்பதுகூட முடிவை மாற்றுகிறது. எலியின் ரத்தத்தைக் குடித்த கியோப்பிஸின் குடலில் ரத்தச் செந்நிறப் பொருள் எளிதில் கரையாமல் தேங்கி, உணவுக்குழாய்க்குத் திரும்ப எதுக்களிக்கிறது. அந்தத் தெள்ளு அடுத்து கடிக்கும்போது கிருமி வெளியேற வழி கிடைக்கிறது. சுண்டெலி ரத்தம் குடித்த தெள்ளில் இது நேர்வதில்லை. ஆய்வக வசதிக்காகச் சுண்டெலி ரத்தத்தைத் தேர்ந்தவர்கள், தங்களை அறியாமல் நோயின் ஒரு பாதையை அடைத்துவிட்டார்கள்.

தட்பவெப்பத்தின் கதை இதைவிடப் பழையது. லண்டனில் பேகாட்டும் மார்ட்டினும் 1914இல் தெள்ளின் தொண்டைக்குக் கீழே பிளேக் கிருமி பெருகி அடைப்பு உண்டாக்குவதைக் கண்டார்கள். வயிறு நிறையாத தெள்ளு பசியில் திரும்பத் திரும்பக் கடிக்கிறது. உறிஞ்சிய ரத்தம் அடைப்பில் மோதிக் கிருமியோடு திரும்பி வருகிறது. இந்த அடைப்பு கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டி உருவாக்கும் பாசி போன்ற படலம். குளிர்ச்சியில் அது நன்றாகப் படியும். 28 டிகிரி செல்சியஸை ஒட்டி அதற்கு மேல் போனால் நெகிழ்ந்துவிடும். கோடை முற்றும்போது பிளேக் தணிகிறது என்று இந்தியாவின் வாராந்தரச் சாவுக் கணக்குகளை வைத்து புரூக்ஸ் 1917இலேயே காட்டியிருந்தார். வியட்நாம் போர்க்காலத்து ஆய்வுகளிலிருந்து 1971இல் கவனாவும் இதையே எழுதினார். கொல்லிமலையின் மேல்தளம் கடல்மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல். நாமக்கல்லும் சேலமும் வெந்துகொண்டிருக்கும் மாதங்களிலும் அங்கே இரவு குளிரும். ஒரே மாவட்டத்தில், ஒரே நாளில், மலையடித் தெள்ளின் தொண்டையும் மலைமேல் தெள்ளின் தொண்டையும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும். ஆய்வகம் பொதுவாக ஒரே அளவில் வைத்திருக்கும் வெப்பத்தில் இது தெரியவராது.

எலித் தெள்ளு டைபஸுக்கு வந்தால் சுண்டெலியின் குறை வேறு விதமாகத் தெரிகிறது. இந்த நோயைப் பிடித்துக் காட்டியது ஆண் கினிப்பன்றியின் விதைப்பை வீக்கம். நீல், மூசர் என்பவர்களின் பெயரால் அந்த அறிகுறியைச் சொல்வார்கள். 1931இல் டயர் என்பவர் பால்டிமோர் எலித் தெள்ளுகளிலிருந்தே கிருமியைப் பிரித்தெடுத்தார். பிளேக் தெள்ளைக் கொல்லும். இந்தக் கிருமியோ தெள்ளின் ஆயுளைக் குறைப்பதில்லை. தெள்ளின் கழிவில் வெளியேறி, அரிப்பெடுத்துச் சொறியும் நகத்தின் வழியே உடலுக்குள் போகிறது. எலிக்கும் இதனால் வெளித்தெரியும் நோய் இல்லை; ஆனால் அதன் மூளையில் கிருமி நீண்ட நாள் தங்கும். தெள்ளுக்கும் எலிக்கும் தீங்கு செய்யாமல் இரண்டிடமும் குடியிருக்கும் இப்படிப்பட்ட கிருமியை, நோயுற்றுத் துடிக்கும் மாதிரி விலங்கில் எப்படிப் பார்ப்பது? 2000இல் டேவிட் வாக்கர் குழுவினர் சி3ஹெச் வகைச் சுண்டெலியின் ரத்தக் குழாய்க்குள் நேரடியாகக் கிருமியைச் செலுத்தி, மனிதரில் போலவே குழாய்களின் உட்சுவர் பாதிக்கப்படுவதைக் காட்டினார்கள். ஹாம்பர்க்கில் ஆஸ்டர்லோ குழுவினர் சாதாரண பால்ப்-சி சுண்டெலிகள் ஒன்றும் ஆகாமல் தேறிவிடுவதையும், எதிர்ப்புச் செல்கள் அற்ற சுண்டெலிகள் மாள்வதையும் கண்டார்கள். மனித உடலுக்குள் நோய் எப்படி நடக்கிறது என்று அறிய இவை அருமையான மாதிரிகள். கிருமி எலிக்கூட்டத்தில் எப்படி ஆண்டு முழுதும் பிழைத்திருக்கிறது என்று கேட்டால் அவற்றிடம் விடை இல்லை.

பார்ட்டொனெல்லாக்கள் தமக்குப் பிடித்த விலங்கைத் தவிர வேறு வீட்டில் தங்காதவை. எலியின் பார்ட்டொனெல்லா ட்ரைபோகோரம் ஆய்வக எலியின் சிவப்பணுவில் வாரக்கணக்கில் வாழும். பூனையின் ஹென்சலே சுண்டெலியில் அப்படி நிலைக்காது. ரிக்கெட்சியா ஃபெலிஸ் விஷயத்தில், அருகருகே குடிக்கும் தெள்ளுகள் ஒன்றிலிருந்து மற்றொன்று கிருமியைப் பெறுவதைச் சுண்டெலி மேலேயே காட்டியிருக்கிறார்கள். எந்த விலங்கு இதன் உண்மையான இருப்பிடம் என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது.

மீண்டும் நம் நிலத்துக்கு வருவோம். இந்தியாவில் 1994க்கு முன்பு மனிதரில் உறுதிசெய்யப்பட்ட கடைசி பிளேக் 1966இல், கோலார் மாவட்டத்தில். 1994இலும் அதற்குப் பிறகும் சூரத், பீட், இமாச்சலத்தின் ஹாட்கோட்டி, உத்தரகாசி என்று வடக்கிலும் மேற்கிலும் நோய் எழுந்தது. தெற்கில் கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு கூடும் கோலார், சித்தூர், ஓசூர் பகுதியைப் பழைய பிளேக் நிலமாகக் கருதிப் பெங்களூர் பிளேக் கண்காணிப்புப் பிரிவு எலிகளின் ரத்தத்தைத் தொடர்ந்து சோதித்துவருகிறது. ஓசூரில் தமிழக அரசின் நோய்ப்பரப்பிகள் மற்றும் விலங்குவழி நோய்கள் நிறுவனம் இருக்கிறது. அங்கே கவனம் பெறுவது வீட்டெலியை விட வெள்ளெலி, புதர்க்காட்டிலும் தரிசிலும் வளை தோண்டி வாழும் அந்த நீளவால் எலி. 1960இல் பால்தசார், பாமன்யார் இருவரும் இந்தியப் பிளேக்கைப் பற்றி எழுதியபோது நோயைக் காடுகளில் தாங்கி நிற்பவர்களில் வெள்ளெலிக்கே முக்கிய இடம் கொடுத்தார்கள்.

கொல்லிமலையில் பிளேக் இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அந்த மலையில் காய்ச்சலோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் ஒரு மலையாளிப் பழங்குடிப் பெண்ணின் உடம்பில் ஏறியது என்ன என்ற கேள்விக்கு, எலி வளைக்குள் பார்த்தால்தான் பதில் கிடைக்கும் என்கிறேன். ஸ்க்ரப் டைபஸ் தமிழகத்தில் இன்று நன்றாக அறியப்பட்ட காய்ச்சல். அதைத் தருவது தெள்ளு அல்ல, எலியின் காதோரம் ஒட்டிக்கிடக்கும் சிற்றுண்ணியின் குஞ்சு. அதே எலியின் முதுகு மயிரில் தெள்ளு இருக்கும். இரண்டும் தரும் காய்ச்சல் முதல் நாட்களில் ஒன்றுபோல இருக்கும், இரண்டுமே டாக்சிசைக்கிளினில் கேட்கும். மருந்து ஒன்றாக இருப்பதாலேயே நோயைப் பிரித்தறியும் அவசரம் ஒருவருக்கும் எழுவதில்லை. ஆனால் தடுக்கும் வழி ஒன்றல்ல. ஒன்றுக்குப் புதரோரம் பார்க்க வேண்டும், மற்றொன்றுக்கு வீட்டுப் பரணைப் பார்க்க வேண்டும்.

மலையின் விவசாயம் மாறிவருவதும் இதில் சேரும். சாமை, தினை, கேழ்வரகு விளைந்த சரிவுகளில் பெரும்பகுதியை ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளி பிடித்துக்கொண்டது. சிறுதானியம் குதிருக்கும் பரணுக்கும் வந்து வீட்டெலியை அழைக்கும். கிழங்கு மண்ணுக்குள்ளேயே கிடந்து பெருச்சாளியையும் கரம்பை எலியையும் வளர்க்கும். எலி மாறினால் தெள்ளும் மாறும், வளையின் ஈரமும் மாறும். தெள்ளின் புழு விலங்கின் மேல் வாழ்வதில்லை. வளையின் தூசிக்குள் வாழ்கிறது.

இப்படியொரு மலைக்கான ஆய்வு எங்கே தொடங்கும் என்றால் பொறியில்தான். தஞ்சாவூர் எலிக்கிட்டி உதவாது. அது எலியைக் கொன்றுவிடும், உடல் ஆறத் தொடங்கியதும் தெள்ளுகள் இறங்கிப் போய்விடும். உயிரோடு பிடிக்கும் கூண்டை மாலையில் வைத்து, விடியுமுன் எடுத்து, கூண்டோடு வெள்ளைத் துணிப்பையில் போட்டு மயக்கம் கொடுத்து, வெள்ளைத் தட்டின் மேல் சீப்பால் வார வேண்டும். ஓர் எலிக்குச் சராசரியாக ஒரு கியோப்பிஸுக்கு மேல் விழுந்தால் கவனிக்க வேண்டிய ஊர் என்று பழைய கணக்கு. தெள்ளு மிகுந்த ஊரில் நோய் தென்பட்டால் எலிக்கு முதலில் விஷம் வைக்கக் கூடாது; எலி செத்தால் பசித்த தெள்ளு பாயில் படுத்திருப்பவரிடம் வரும். முதலில் வளையிலும் நடைபாதையிலும் பூச்சிமருந்து, பிறகே எலி. பம்பாயின் கொட்டில்களில் செத்த கினிப்பன்றிகள் சொல்லிக்கொடுத்த பாடம் இது.

அந்தப் பொறியில் விழுந்த வெள்ளெலியின் குட்டிகளை ஆய்வகத்தில் வளர்க்கலாம். அதே மலையில் எடுத்த கியோப்பிஸை அந்த எலி ரத்தத்திலேயே பெருக்கலாம். விலங்குச் சோதனையை ஒழுங்குபடுத்தும் 1960ஆம் ஆண்டுச் சட்டமும் உயர்பாதுகாப்பு ஆய்வக விதிகளும் கேட்கும் எல்லாக் கட்டுப்பாட்டோடும் இதைச் செய்ய முடியும். எத்தனை விலங்கு தேவை என்பதும் குறையும், ஏனெனில் தவறான விலங்கில் ஆண்டுக்கணக்கில் விடை தேட வேண்டியிருக்காது. அறையின் வெப்பத்தை மட்டும் 25 டிகிரியில் பூட்டி வைக்காமல், செம்மேட்டின் ஒரு தை மாத இரவையும் ஒரு சித்திரை நண்பகலையும் எலி வளைக்குள் அளந்துவந்து, அதே ஏற்ற இறக்கத்தில் அந்தத் தெள்ளுகளை வைக்க வேண்டும். மலையின் உச்சியில் ஒரு கூண்டு, காரவள்ளியில் ஒரு கூண்டு, இடையில் ஏதாவது ஒரு வளைவில் மூன்றாவது. ஒவ்வொன்றிலிருந்தும் வாரி எடுத்த தெள்ளுகள் தனித்தனிக் குப்பிகளில், பிடித்த உயரத்தை எழுதி ஒட்டி.